ஒரே மோதிரம், மூன்று விலை

அத்தை காலமான பிறகு, அவருடைய நகைப் பெட்டியைப் பிரித்துக்கொள்ள அண்ணனும் அக்காவும் நானும் உட்கார்ந்தோம். பெட்டியில் இருந்த சிவப்புக்கல் மோதிரத்துக்கு மூன்று பேரும் மூன்று விலை வைத்திருந்தோம். அண்ணன் மோதிரத்தை எடை போட்டு அன்றைய தங்க விலையால் பெருக்கியிருந்தார். அக்கா கையில், அத்தை எப்போதோ காப்பீட்டுக்காக எழுதி வாங்கிய மதிப்பீட்டுச் சீட்டு இருந்தது. அதிலிருந்த தொகை அண்ணன் கணக்கைவிடப் பல மடங்கு அதிகம். நானோ ஏல நிறுவனங்களின் இணையதளங்களில் இதே மாதிரி மோதிரங்கள் என்ன விலைக்குப் போயிருக்கின்றன என்று தேடிப் பார்த்திருந்தேன். அது இரண்டுக்கும் நடுவில் எங்கோ நின்றது.

ஒருவர் மற்றவரை ஏய்க்கப் பார்க்கிறார் என்று நினைக்க இவ்வளவு போதும். நினைக்கவும் செய்தோம். "கல்லைக் கழிச்சுட்டுதான் எடை போடுவாங்க, பழைய கல்லுக்கு ஏது விலை?" என்றார் அண்ணன். "அப்படின்னா அத்தை இவ்வளவு வருஷம் பிரீமியம் கட்டினது எதுக்கு?" என்றாள் அக்கா. அன்றைக்குப் பெட்டியை மூடி வைத்துவிட்டோம். அதற்கப்புறம் நகைத் தொழிலில் இருக்கும் சிலரிடம் கேட்டும், படித்தும், ஒரு ரத்தினவியலாளர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தும் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன். பெட்டியைப் பிரிக்கப் போகும் வேறு எந்தக் குடும்பத்துக்காவது உதவும்.

மூவர் சொன்ன விலையும் சரிதான். ஆனால் கேட்ட கேள்விதான் ஆளுக்கு ஒன்று.

அண்ணன் போட்டது உருக்கு விலை. நகையை உருக்கினால் எவ்வளவு பொன் தேறும், அதற்கு இன்றைக்கு என்ன கிடைக்கும் என்ற கணக்கு. அதற்குக் கீழே எந்த நகையும் போகக் கூடாது, அவ்வளவுதான். அக்காவின் சீட்டில் இருந்தது காப்பீட்டு மதிப்பு. நகை தொலைந்தால் அதே மாதிரி ஒன்றைக் கடையில் சில்லறை விலைக்கு வாங்கவோ புதிதாகச் செய்யவோ ஆகும் செலவு. கடைக்காரர் லாபம், செய்கூலி, வரி எல்லாம் அதற்குள் அடக்கம். அந்தத் தொகைக்கு அதை யாரும் நம்மிடமிருந்து வாங்க மாட்டார்கள். வாங்குவார்கள் என்று எதிர்பார்த்துச் சீட்டோடு கடைக்குப் போகிறவர்களின் முகம் எப்படி மாறும் என்பதை வியாபாரிகள் கதை கதையாகச் சொல்கிறார்கள். நான் தேடியது சந்தை விலை. அவசரமில்லாத விற்பவரும் விவரம் தெரிந்த வாங்குபவரும் ஒத்துக்கொள்ளும் தொகை. அதிலும் ஏலத்தில் அடித்த விலை வேறு, ஏல நிறுவனம் தரகு பிடித்துக்கொண்டு நம் கையில் கொடுப்பது வேறு. நான்காவதாக இன்னொன்றும் உண்டு. வியாபாரி உடனே பணம் தந்து வாங்கும் விலை. அவர் விற்றுத்தான் பிழைக்க வேண்டும் என்பதால், சந்தை விலையிலிருந்து நல்ல பங்கு குறைத்துத்தான் கேட்பார். அது ஏமாற்று இல்லை.

பாகம் பிரிக்கச் சந்தை விலைதான் பொருத்தம். ஆனால் எல்லா நகைகளுக்கும் ஒரே அடிப்படையில், ஒரே தேதியில், ஒரே ஆள் போட்டதாக இருக்க வேண்டும். ஒன்றுக்கு உருக்கு விலை, இன்னொன்றுக்குக் காப்பீட்டு விலை என்று கலந்தால் யாராவது ஒருவர் தலையில் மிளகாய் அரைத்த கதையாகிவிடும். மதிப்பிடுபவர் அந்த நகையை வாங்க ஆசைப்படுபவராக இருக்கக் கூடாது. போடும் மதிப்பில் இத்தனை சதவீதம் என்று கூலி கேட்பவராகவும் இருக்கக் கூடாது; மதிப்பு ஏறினால் அவர் கூலியும் ஏறும். மணிக்கணக்கிலோ நகை எண்ணிக்கைக் கணக்கிலோ கட்டணம் வாங்குபவராகப் பாருங்கள். சோதனைக்கூட அறிக்கையும் மதிப்பீடும் ஒன்றல்ல என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஜி.ஐ.ஏ. (அமெரிக்க ரத்தினவியல் நிறுவனம்) போன்ற கூடங்கள் கல் என்ன, எத்தனை காரட், என்ன நிறம் என்று எழுதித் தரும். கல்லுக்குக் காரட் என்றால் எடை, பொன்னுக்குக் காரட் என்றால் சுத்தம். விலை எழுதாது.

எடை பார்ப்பதற்கு முன்பு பார்க்க வேண்டியது முத்திரை. பத்து மடங்கு பெரிதாக்கும் நகைக்கடை லென்ஸ் ஒன்று வாங்கி, மோதிரத்தின் உள்வட்டத்திலும் சங்கிலியின் கொக்கியிலும் தோட்டின் திருகாணியிலும் தேடினால் எண்கள் கிடைக்கும். 916 என்றால் 22 காரட். ஆயிரத்தில் 916 பங்கு பொன். 750 என்றால் 18 காரட், 585 என்றால் 14, 375 என்றால் 9. வெறுமே 925 இருந்தால் அது வெள்ளி. பழைய நகைகளில் எண்களுக்குப் பதில் படங்கள் இருக்கும். நடக்கும் சிங்கம் பிரிட்டனின் ஸ்டெர்லிங் வெள்ளிக்கு, நங்கூரம் பர்மிங்காம் சோதனைக்கூடத்துக்கு, சிறுத்தைத் தலை லண்டனுக்கு. கூடவே ஓர் எழுத்து இருந்தால் அது ஆண்டைக் குறிக்கும்; எழுத்தின் வடிவத்தையும் சுற்றியிருக்கும் கட்டத்தின் வடிவத்தையும் அட்டவணையோடு ஒப்பிட்டால் எந்த ஆண்டு முத்திரை குத்தப்பட்டது என்றே சொல்லிவிடலாம். பிரான்ஸில் 1838 முதல் 18 காரட் பொன்னுக்குக் கழுகுத் தலை. பழைய ரஷ்ய நகையில் 56 என்று இருந்தால் பதறாதீர்கள். அவர்கள் 96 பங்காகக் கணக்கிட்டார்கள். 96ல் 56 என்றால் ஏறக்குறைய 14 காரட்.

முத்திரை இல்லாததாலேயே பொன் இல்லை என்று ஆகாது. மோதிரத்தைப் பெரிதாக்கும்போது வெட்டிப் போயிருக்கலாம், தேய்ந்திருக்கலாம், முத்திரை கட்டாயமில்லாத ஊரில் செய்யப்பட்டிருக்கலாம். மறுபக்கம், எண் இருப்பதாலேயே முழுப் பொன் என்றும் ஆகாது. அத்தையின் லாக்கெட்டில் 12 காரட் என்று தெளிவாக இருந்தது. அதற்கு முன்னால் 1/20 என்று ஒரு பின்னமும், பின்னால் ஜி.எஃப். என்ற எழுத்துகளும் இருந்தன. அதாவது, மொத்த எடையில் 20ல் ஒரு பங்குதான் 12 காரட் பொன் தகடு. மற்றதெல்லாம் பித்தளை மாதிரி மலிவு உலோகம். கழுத்தில் போட்டால் அழகுதான். உருக்கினால் ஒன்றும் தேறாது.

இன்றைக்கு எக்ஸ்-கதிர் இயந்திரத்தில் வைத்து ஒரு நிமிடத்தில் மாற்று, அதாவது பொன்னின் சுத்தம், சொல்லிவிடுகிறார்கள். நல்ல வசதி. ஆனால் அது படிப்பது மேல்பரப்பை மட்டும். தடித்த முலாமும், உள்ளே மெழுகு நிரப்பிய கூடு வளையலும் அதன் கண்ணில் மண்ணைத் தூவிவிடும். சந்தேகம் இருந்தால் தண்ணீரில் மூழ்கவைத்து எடை பார்க்கச் சொல்லலாம். சுத்தப் பொன்னின் அடர்த்தி தண்ணீரைப் போல 19.3 மடங்கு, உள்ளே எடை குறைந்த வேறு ஏதாவது இருந்தால் இந்தக் கணக்கு காட்டிக்கொடுக்கும். கல் பதித்த நகைக்கு மட்டும் இது ஒத்து வராது.

இனி எங்கள் சண்டைக்குக் காரணமான சிவப்புக் கல். அத்தையின் அம்மா காலத்து மோதிரம், அதனால் அசல் மாணிக்கமாகத்தான் இருக்க வேண்டும் என்பது அக்காவின் வாதம். அந்தக் காலத்தில் போலி ஏது என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் அகஸ்தே வெர்னேய் என்ற பிரெஞ்சுக்காரர் சுடரில் மாணிக்கத்தை வளர்த்தெடுக்கும் முறையை 1902லேயே அறிவித்துவிட்டார். பொடியை நெருப்பில் உருக்கிச் சொட்டுச் சொட்டாக வளர்க்கும் முறை. அடுத்த முப்பது ஆண்டுகளில் உலகெங்கும் மோதிரங்களில் இந்தக் கல் ஏறிவிட்டது. வேதியியல்படி மாணிக்கமேதான், கண்ணாடி இல்லை. ஆனால் ஆலையில் விளைந்தது. நூறு வயது மோதிரத்தில் நூறு வயது செயற்கை மாணிக்கம் இருப்பது சர்வ சாதாரணம். ரத்தினவியலாளர் எங்கள் கல்லை நுண்ணோக்கியில் வைத்து என்னையும் பார்க்கச் சொன்னார். பழைய இசைத்தட்டின் வரிகளைப் போல வளைந்த கோடுகள். இயற்கைக் கல்லில் வளர்ச்சிக் கோடுகள் நேராகவும் கோணமாகவும்தான் ஓடும், வளைந்து ஓடாது. அக்கா முகம் வாடிப்போயிற்று. அண்ணனுக்கு உள்ளூர ஒரு மகிழ்ச்சி இருந்திருக்கும்.

அது நீடிக்கவில்லை. மோதிரத்தின் செதுக்கு வேலை கையால் செய்தது, நேர்த்தியானது, எங்கும் பழுது பார்த்த தடமில்லை, உள்ளே செய்தவரின் குறி தெளிவாக இருக்கிறது. அதனால் உருக்கு விலையைப் போல மூன்று மடங்குக்குக் குறையாமல் போகும் என்றார் அவர். கல் சுமார், வேலை உயர்த்தி. வெறும் கல்லுக்காகவும் எடைக்காகவும் மட்டும் விலை பார்ப்பவர்களுக்கு இது புரிவது கடினம். கல்லைப் பற்றிய ஏமாற்றம் நமக்கு மட்டும் வந்ததும் இல்லை. பிரிட்டிஷ் மன்னர்களின் கிரீடத்தில் முன்னால் பதித்திருக்கும் 'கறுப்பு இளவரசரின் மாணிக்கம்' மாணிக்கமே அல்ல, ஸ்பினல் என்ற வேறு கல். அதற்காக அதைக் கழற்றி வீசவில்லை.

முத்துச் சரத்தின் கதை இன்னும் சுவையானது. முத்து கடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்பார்கள். பல்லில் மெதுவாகத் தேய்த்தால் முத்து நறநறவென்று இருக்கும், கண்ணாடி மணி வழுக்கும், அது சரி. ஆனால் தானாக விளைந்த முத்தா, சிப்பிக்குள் கரு வைத்து வளர்த்த முத்தா என்று பல் சொல்லாது. அதற்கு எக்ஸ்-கதிர்ப் படம் வேண்டும். இந்த வேறுபாட்டில்தான் பெரும் பணம் புதைந்திருக்கிறது. கார்த்தியே என்ற நகை நிறுவனம் நியூயார்க் ஐந்தாம் அவென்யூவில் இருக்கும் தன் மாளிகையை 1917ல் ஓர் இரட்டைச் சர முத்து மாலைக்கு மாற்றாக வாங்கியது. மாலையின் அன்றைய விலை பத்து லட்சம் டாலர். மாலையோடு ரொக்கமாக நூறு டாலரும் கொடுத்தார்கள், அவ்வளவுதான். பிறகு 1920களில் ஜப்பானின் மிகிமோத்தோ முதலானவர்களின் வளர்ப்பு முத்துகள் சந்தையில் வந்து இறங்கின. 1929ல் பொருளாதாரமும் சரிந்தது. இயற்கை முத்தின் விலை பாதாளத்துக்குப் போயிற்று. அந்த மாலை 1957ல் ஏலத்துக்கு வந்தபோது பழைய மதிப்பில் ஐந்தில் ஒரு பங்குகூடக் கிடைக்கவில்லை. மாளிகை இன்றும் கார்த்தியேயிடம் இருக்கிறது. சரி, இயற்கை முத்து அத்தோடு முடிந்ததா என்றால் அதுவும் இல்லை. பிரெஞ்சு அரசி மரீ அந்துவானெத் அணிந்த முத்துப் பதக்கம் 2018ல் ஜெனீவாவில் 3.6 கோடி டாலருக்குப் போனது. மதிப்பீட்டுச் சீட்டில் தேதியைப் பாருங்கள் என்று நான் எல்லாரிடமும் சொல்வது இதனால்தான்.

அத்தையின் சரம் வளர்ப்பு முத்து. கொக்கி வெள்ளி. நூல் இற்றுப்போயிருந்தது. புதிதாகக் கோத்து, முத்துக்கு முத்து முடிச்சுப் போட்டு அக்கா அணிகிறாள். சென்ட் எல்லாம் அடித்து முடித்த பிறகு கடைசியாகப் போட்டு, வந்ததும் முதலில் கழற்ற வேண்டும் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.

வைரத் தோடு பற்றித்தான் அதிகம் பேச வேண்டும். புது வைரத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குப் பழைய வெட்டு மங்கலாகத் தெரியும். "பட்டையே சரியில்லையே" என்று கடையில் ஒருவர் உதட்டைப் பிதுக்கினார். மறுபட்டை போட்டு நவீனமாக்கித் தருவதாகவும் சொன்னார். நல்லவேளை, அண்ணன் அப்போது ஊரில் இல்லை, இருந்திருந்தால் தலையாட்டியிருப்பார். இன்று நாம் பார்க்கும் வட்டப் பட்டையின் கணக்கை மார்செல் டோல்கோவ்ஸ்கி எழுதியது 1919ல். அதற்கு முன்பு வைரத்தைக் கையாலும் கண்ணாலும் தீட்டினார்கள். தலை உயரம், மேல்முகம் சிறியது, அடி நுனியைக் கூராக விடாமல் மழித்திருப்பார்கள். நேர் மேலேயிருந்து பார்த்தால் நடுவில் சின்ன வட்டமாகத் தெரிவது அதுதான். மெழுகுவர்த்தியும் விளக்கும் எரிந்த அறைகளுக்காகத் தீட்டியவை. குழல் விளக்கின் கீழ் உயிரில்லாமல் தெரிந்த எங்கள் தோடு, மாலை வெயிலில் பெரிய பெரிய துண்டங்களாக நிறம் வீசியது. இந்த வெட்டையே தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். மறுபட்டை போட்டால் எடையும் போகும், வயதும் போகும்.

கோஹினூரை 1852ல் மறுபட்டை தீட்டியபோது, இன்றைய கணக்கில் 191 காரட்டாக இருந்தது 105.6 காரட் ஆயிற்று. அந்தக் காலத்தில் தெரியாமல் செய்தார்கள் என்று விட்டுவிடலாம். ஆனால் விட்டெல்ஸ்பாக் நீல வைரத்தை 2008ல் வாங்கிய வைர வியாபாரி லாரன்ஸ் கிராஃப், அதைத் தீட்டி 35.56 காரட்டை 31.06 ஆக்கினார். நிறமும் தெளிவும் தரத்தில் ஏறின. முந்நூறு ஆண்டுச் சரித்திரத்தைச் சாணையில் கொடுத்துவிட்டார்கள் என்று அருங்காட்சியகத்தார் கொதித்தார்கள். நான் அருங்காட்சியகத்தார் கட்சி.

காலத்தைக் கண்டுபிடிக்கச் சின்னச் சின்ன உறுப்புகள் உதவும். ப்ரோச்சின் (உடையில் குத்திக்கொள்ளும் நகை) பின்பக்கம் பூட்டில்லாத வெறும் வளைவுக் கொக்கியும் அதைத் தாண்டி நீளும் ஊசியும் இருந்தால் பெரும்பாலும் 1900க்கு முந்தியது. வைரம் போலத் தெரியும் கியூபிக் சிர்க்கோனியா என்ற செயற்கைக் கல் கடைகளுக்கு வந்தது 1976ல்; ஆகவே "1930ல் செய்தது" என்று சொல்லும் மோதிரத்தில் அது இருந்தால் கல் மாற்றப்பட்டிருக்கிறது. நகை ஒரு காலம், கல் ஒரு காலம், கொக்கி ஒரு காலம் என்று கலப்புத் திருமணமாகவும் இருக்கலாம். அப்படிக் கலந்தவற்றுக்கு விலை குறையும். பழம்பொருள் என்று சொல்ல நூறு வயது ஆக வேண்டும் என்பது பொது வழக்கு. 'விண்டேஜ்' என்பதற்கு அவ்வளவு கட்டுப்பாடு இல்லை, இருபது முப்பது வருடத்து நகையையும் அப்படிச் சொல்லி விற்கிறார்கள்.

யார் அணிந்தார்கள் என்பதற்கும் விலை உண்டு. ஆனால் அது நமக்குப் பொருந்தாது. அமெரிக்க அதிபர் கென்னடியின் மனைவியாக இருந்த ஜாக்குலின் கென்னடி ஒனாசிஸின் மூன்று சரப் போலி முத்து மாலைக்கு 1996 ஏலத்தில் 500 முதல் 700 டாலர் வரை மதிப்புப் போட்டிருந்தார்கள். 2,11,500 டாலருக்குப் போனது. போலி முத்து! எங்கள் அத்தையின் பெயர் ஒரு காசு கூட ஏற்றாது. ஆனால் அவர் விட்டுப்போன மூலப் பெட்டியும் ரசீதும் ஏற்றும். செய்த நிறுவனத்தின் பெயர் பொறித்த நகை என்றால் இன்னும் அதிகம். பழைய பெட்டியைக் குப்பையில் போடாதீர்கள். உள்பக்கப் பட்டுத் துணியில் கடையின் பெயர் இருக்கும்.

மதிப்பைக் குறைக்கும் வேலைகளை வீட்டிலேயே செய்துவிடுகிறோம் என்பதுதான் எனக்கு எரிச்சல். பிரிக்க உட்கார்வதற்கு முன்பு "பளபளன்னு ஆக்கிட்டு வரலாம்" என்று மெருகு போட்டால் செதுக்கின் விளிம்பு மழுங்கும், முத்திரை தேயும். பின்பக்கம் மூடிக் கட்டிய பழைய கற்களுக்கு அடியில் ஒளி தர மெல்லிய தகடு வைத்திருப்பார்கள். தண்ணீரில் முக்கினால் ஈரம் உள்ளே இறங்கித் தகடு கறுத்துவிடும், மீட்க முடியாது. நகை கழுவும் அதிர்வுத் தொட்டியில் மரகதத்தைப் போட்டால் அதன் வெடிப்புகளுக்குள் ஊற்றியிருக்கும் எண்ணெய் வெளியேறிக் கல் வெளிறும். ஓப்பலுக்கும் முத்துக்கும் அந்தத் தொட்டி ஆகவே ஆகாது. ஈயப் பொடி வைத்து ஒட்டுப் போடுவது எல்லாவற்றிலும் மோசம் (பொடி என்பது ஒட்டுவதற்கு உருக்கும் உலோகம்). அடுத்த முறை சூடு காட்டும்போது ஈயம் பொன்னை அரித்துக் குழி போடும்.

பிரிவினை எப்படி முடிந்தது என்று கேட்பீர்கள். ஒரே ஆள் ஒரே நாளில் எல்லாவற்றுக்கும் சந்தை விலை எழுதினார். பிறகு சீட்டுப் போட்டு முறை வைத்து ஒவ்வொன்றாக எடுத்தோம். கடைசியில் வித்தியாசத்தைப் பணமாகச் சரிக்கட்டினோம். அக்கா முத்தை எடுத்தாள், நான் தோட்டை. ஆச்சரியமாக, சிவப்புக்கல் மோதிரத்தை முதல் சுற்றிலேயே அண்ணன் எடுத்துக்கொண்டார். லாக்கெட்டை யாரும் கேட்கவில்லை. அதற்குள் அத்தையின் அம்மா படம் இருந்ததால், பேரப் பிள்ளைகளில் மூத்தவளுக்குக் கொடுத்தோம்.

போன வாரம் அண்ணன் போன் செய்தார். மோதிரம் அண்ணிக்குச் சற்று இறுக்கமாம், பெரிதாக்க வேண்டுமாம். முத்திரை இருக்கும் இடத்தில் வெட்டாமல் எதிர்ப்பக்கம் வெட்டச் சொல்லுங்கள், ஒட்டுக்கு அதே மாற்றுப் பொன்னில் பொடி வைக்கச் சொல்லுங்கள், கொடுப்பதற்கு முன்பு நாலு பக்கமும் போட்டோ எடுத்து, எடையை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். "செயற்கைக் கல்லுக்கு இவ்வளவா?" என்று சிரித்தார். ஆனால் எழுதிக்கொண்டார்.